‘பார்வைச் சிதைவு’ பொருந்துமா? ‘வரத்துத் தணிவு’ என்றொரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் ஒரு பதிவு வெளியான சில மணி நேரம் பலரால் பார்க்கப்பட்டு, பிறகு பார்ப்பவர்கள் விரைவாகக் குறைவதைக் குறிக்க முன்மொழியப்பட்ட ‘பார்வைச் சிதைவு’ என்ற சொல்லில் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதலாவது, எது குறைகிறது என்பதை அச்சொல் காட்டவில்லை. முதல் நாள் 300 பேர், மறுநாள் 80 பேர், மூன்றாம் நாள் 45 பேர் பார்த்தார்கள் என்று வைத்துக்கொண்டால், பதிவின் கீழே உள்ள எண்ணிக்கை 300, 380, 425 என்று ஏறிக்கொண்டுதான் இருக்கும். இறங்குவது நாளொன்றுக்கு வந்து சேரும் அளவு மட்டுமே. அணைச் செய்திகளில் நீர் இருப்பையும் நீர்வரத்தையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை அல்லவா? அதே ‘வரத்து’ இங்கும் கைகொடுக்கும். (‘பார்வைக் குறைவு’ என்று எழுதினாலோ, வாசகர் கண் மருத்துவரைத்தான் நினைப்பார்.)

இரண்டாவது தடை ‘சிதைவு’ பற்றியது. அது கதிரியக்கச் சிதைவை நினைவூட்டுகிறது. கதிரியக்கத்தில் அரை ஆயுட்காலம் (ஒரு பொருள் சிதைந்து பாதியாக எடுக்கும் நேரம்) மாறாதது. கதிரியக்கப் பொருளான அயோடின்-131 எந்த நாளில் அளக்கத் தொடங்கினாலும் ஏறத்தாழ 8 நாளில் பாதியாகும். பதிவுகளின் வரத்து பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மேலே சொன்ன கணக்கிலேயே மறுநாளே கால்பங்குக்கு அருகே இறங்கியது, மூன்றாம் நாள் அதில் பாதிக்குக்கூட இறங்கவில்லை. தவிர, சிதைந்த அணுக்கரு தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது; மறக்கப்பட்ட பதிவோ யாராவது ஒருவர் இணைப்புக் கொடுத்தால் மீண்டும் கிளர்ந்தெழும். தணிந்த நெருப்பு திரும்பப் பற்றும் என்பதால் ‘தணிவு’ என்ற சொல் இந்த இயல்பையும் தாங்குகிறது.

ஆகவே, ‘வரத்துத் தணிவு’ என்றும், வரத்து பாதியாக எடுக்கும் நேரத்தைப் ‘பாதித்தணிவு நேரம்’ என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. பயனர்கள் வாக்களித்துச் செய்திகளை முன்னிறுத்தும் டிக் (Digg) தளத்தின் செய்திகளை 2007இல் ஆராய்ந்த வூ, ஹூபர்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் புதுமை மங்கும் கால அளவு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று கண்டதை எழுதும்போது இச்சொற்கள் உறுத்தாமல் அமைகின்றன. இரவில் குறைந்து காலையில் மீளும் அன்றாட இறக்கத்தைத் தணிவோடு சேர்த்துவிடக் கூடாது. அதற்குத் ‘தொய்வு’ போதும்.

நாளுக்கு ஒருவர் இருவராக ஆண்டுக்கணக்கில் நீளும் கடைசிப் பகுதிக்குத்தான் சொல் அகப்படவில்லை. ‘கசிவு’ என்று எழுதிப் பார்த்தேன். தகவல் கசிவோடு குழம்புமென்று அடித்துவிட்டேன். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.