அம்மாவின் இடுப்புவலி மாத்திரையை மாற்றுவது குறித்து மருத்துவரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி (பாபநாசம் வட்டம்)

வணக்கம். என் அம்மாவுக்கு 62 வயது; 30 ஆண்டுகளுக்கு மேல் நாற்றுப் பறிக்கவும் நடவு நடவும் குனிந்த உடம்பு. இடுப்பில் தொடங்கி இடது காலின் பின்புறமாகக் கெண்டைக்கால் வரை இறங்கும் வலிக்காக, எட்டு மாதங்களாக அசிக்ளோபினாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் சாப்பிடுகிறார். ரத்தக் கொதிப்புக்கு எனலாப்ரில் தனியாக உண்டு. வலி குறைந்தபாடில்லை, நெஞ்செரிச்சலும் மாலையில் கால் வீக்கமும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன.

சென்ற வாரம் நான் இணையத்தில் படித்த ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி, அதற்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டதும் மருத்துவரின் முகம் மாறிவிட்டது. பழைய மாத்திரையையே மறுபடி எழுதிக் கொடுத்தார். அம்மாவோ அவர் முன்னால் "இப்ப தேவலாம் சார்" என்று சொல்லிவிட்டு, பேருந்து நிறுத்தம் வரை என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். எங்கள் குடும்பத்தை நெடுநாளாகப் பார்ப்பவர் என்பதால் அவரை விட்டு வேறொருவரிடம் போக மனமில்லை. பேச்சை எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1 (கும்பகோணம், மருந்தாளுநர்)

மாத்திரையை மாற்றுவதற்கு முன் இன்னொன்றைக் கவனியுங்கள். அசிக்ளோபினாக் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. எனலாப்ரிலும் வேறொரு வழியில் அங்கேயே வேலை செய்வதால், இரண்டும் மாதக்கணக்கில் சேரும்போது, அதிலும் நீர் பிரியும் மாத்திரை ஒன்றும் உடன் இருந்தால், சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பு கூடுகிறது. கால் வீக்கத்தை நடந்த களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அடுத்த முறைவரை காத்திராமல் இந்த வாரமே போய், "எட்டு மாதமாக இந்த மாத்திரை போகிறது, காலும் வீங்குகிறது, கிரியாட்டினின் பார்த்துவிடலாமா?" என்று கேளுங்கள்; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. இந்தக் கேள்விக்கு எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடையில் சீட்டு இல்லாமல் கத்தரித்து வாங்கிய மாத்திரைகளும் வீட்டில் இருக்கும், எனக்குத் தெரியும். அட்டையில் பெயர் இருந்த பகுதி போய்விட்டால், அதிலும் இதே மருந்து இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனால் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக் கொதிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது.

பதில் 2 (மன்னார்குடி, ஐந்தாண்டு முதுகுவலிக்காரன்)

"தேவலாம் சார்" என்பது நம் பக்கத்தில் மரியாதைச் சொல். மருத்துவருக்கோ அது நோயின் நிலவரம். என் மனைவி தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில், இரவில் நான் எத்தனை முறை எழுந்தேன், குத்துக்காலிட்டு உட்கார முடிந்ததா, எத்தனை மாத்திரை விழுங்கினேன் என்று பத்து நாள் எழுதி வைத்தாள். மூன்றாண்டுகளாக நான் "வலிக்குது" என்று சொன்னதைவிட அந்தப் பத்துத் தாள்கள்தான் வேலை செய்தன. மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், "இந்த மாத்திரையால் என்ன குறைய வேண்டும், இன்னும் எத்தனை நாள் பார்க்கலாம்?" என்று கேளுங்கள், மாற்றுவதைப் பற்றிய பேச்சை அவரே எடுப்பார்.

எனக்கு நரம்பு வலிக்கான பிரிகாபலின் 75 மில்லிகிராம் இரவில் தந்தார்கள். தலைசுற்றுகிறது என்று நானாக ஒரே நாளில் நிறுத்திவிட்டு, தூக்கமில்லாமல் வியர்த்துக் கொட்டியபடி நான்கு இரவுகள் கிடந்தேன். குறைந்தது ஒரு வாரமாவது படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

பதில் 3 (வலங்கைமான்)

என் அண்ணனுக்கு டிரமடால் என்ற வலி மாத்திரை உடனே கேட்டது. கடையில் கேட்டுப் பாருங்கள்.

பதில் 4 (திருவாரூர், செவிலியர்)

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. வயதானவர்களுக்கு மயக்கமும் கடும் மலச்சிக்கலும் தரும். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளுடன் சேர்ந்தால் ஆபத்தும் உண்டு. மருத்துவர் பார்த்து எழுதினால் மட்டுமே சாப்பிட வேண்டிய மருந்து அது.

கேள்வி கேட்டவருக்கு: சிறுநீர் வராமல் நின்றாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடந்தாலோ, மாத்திரைப் பேச்சை விட்டுவிட்டு நேரே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அவை இல்லையென்றால் உடற்பயிற்சி சிகிச்சையையும் கேளுங்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே வருவதுண்டு.

கேட்டவர் (ஐந்து நாள் கழித்து)

பையைக் கொட்டியதும் மருத்துவரே திகைத்துப் போனார்; கடையில் வாங்கிய அட்டைகளில் இரண்டு அதே அசிக்ளோபினாக். அதை நிறுத்திவிட்டு, கிரியாட்டினின் வரும்வரை பாராசிட்டமால் மட்டும், ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணி எழுதிக் கொடுத்திருக்கிறார். நரம்பு வலி மருந்தின் அளவை அந்த முடிவைப் பார்த்துத்தான் தீர்மானிப்பாராம். அம்மா வழக்கம்போலத் "தேவலாம்" என்றுதான் ஆரம்பித்தார். நான் எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். ஒரு சந்தேகம்: நரம்பு வலி மாத்திரை தொடங்கினால் விடியற்காலை வயலுக்கு இறங்கலாமா?

பதில் 2-இல் எழுதியவர்

முதல் வாரம் வரப்பில் நடக்கவே விடாதீர்கள். எனக்குக் காலை எட்டு மணி வரை தள்ளாட்டம் இருந்தது.