பத்தாக் ஊரில் பத்தாக் போதகர்: சொந்தக்காரர்களுக்கு நடுவே ஊழியம் எப்படி நடக்கிறது?

வாலிபர்வட்டம் கேட்டது:

இந்தோனேசியாவின் வட சுமாத்திராவில் பத்தாக் மக்களுடைய புராட்டஸ்டன்ட் சபையான எச்.கே.பி.பி.யைப் பற்றி எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேச வேண்டும். ஜெர்மன் மிஷனரி நோமென்சன் அங்கே சிலிண்டுங் பள்ளத்தாக்குக்கு வந்த கதை எல்லா மிஷனரி புத்தகங்களிலும் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கிடைக்கவில்லை. தோபா பத்தாக் குலத்திலேயே பிறந்த ஒருவர் இன்றைக்குத் தாருத்துங்கிலோ பாலிகேயிலோ போதகராக இருந்தால் அவருடைய வேலை எப்படிப் போகும்? கல்யாணத்திலும் சாவிலும் 'அடாட்' என்கிற குலமுறை எங்கே முடிகிறது, சபை எங்கே தொடங்குகிறது? சொந்த சனம் என்பதால் ஊழியம் லேசாகிவிடுகிறதா? மேலோட்டமாக வேண்டாம், நடைமுறையைச் சொல்லுங்கள்.

தாப்பனூலி:

அமைப்பு தெரிந்தால்தான் மற்றது புரியும். 1861 அக்டோபர் 7-ஐ இந்தச் சபை தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. 1885-இல் முதல் மூன்று பத்தாக் போதகர்கள் குருப்பட்டம் பெற்றார்கள். ஆனால் தலைமை 1940 வரை ஜெர்மானியரிடம்தான் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் ஜெர்மனி ஹாலந்துக்குள் புகுந்ததும் சுமாத்திராவை ஆண்ட டச்சு அரசு அங்கிருந்த ஜெர்மன் மிஷனரிகளைப் பிடித்து அடைத்தது. அப்போது கே. சிராய்த் முதல் பத்தாக் எபோருஸ் ஆனார். எபோருஸ் என்பவர் நம் பேராயர் மாதிரி. தலைமையகம் தாருத்துங்கின் பெயாராஜாவில்.

நம் ஊர்ச் சேகரத்துக்கு அங்கே 'ரெசோர்ட்' என்று பெயர். ஒரு தாய்ச் சபையும் அதோடு சேர்ந்த பல கிளைச் சபைகளும் ஒரே போதகரின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை எல்லா இடத்திலும் அவர் நிற்க முடியாது. பாதிக்கு மேற்பட்ட ஆராதனையை நடத்துவது 'சிந்துவா' எனப்படும் மூப்பர்கள்தான். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, 65 வயதில் ஓய்வு. இவர்களைத் தவிர, நம் உபதேசியாருக்கு இணையான 'குரு ஹூரியா', பெண்களிடையே வேலை செய்யும் 'பிபெல்ஃப்ராவ்', 'தியாகோனெஸ்' ஆகியோரும் உண்டு.

ஆகவே போதகருடைய வாரத்தில் மிக முக்கியமான வேலை பிரசங்கம் அல்ல, மூப்பர்களுக்கு நடத்தும் 'செர்மோன்' கூட்டம். வருஷா வருஷம் சபை அச்சிடும் அல்மனாக்கில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் நிருப வாசிப்பும் சுவிசேஷ வாசிப்பும் குறித்திருக்கும். வருகிற ஞாயிறுக்கான பகுதியைப் போதகர் அவர்களோடு உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார். எந்த வசனத்தை எப்படித் தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது, தோபா மொழி வேதாகமத்தில் உள்ள எந்தப் பழஞ்சொல் இளையவர்களுக்குப் புரியாது என்பதெல்லாம் அங்கே தீர்ந்துவிட வேண்டும். கல்யாணம், சாவு என்று ஓடிவிட்டு இந்தக் கூட்டத்தை இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் அதன் விளைவு கிளைச் சபைகளின் பிரசங்க மேடையில் உடனே தெரியும். மூப்பர்கள் பழைய பிரசங்கத்தையே திரும்பச் சொல்வார்கள்.

மேடான்மடல்:

சொந்த சனம் என்பதால் லேசா என்று கேட்டிருக்கிறீர்கள். பாஷை கற்க வேண்டாம், அது உண்மை. ஆனால் வெளியூர் மிஷனரிக்கு இல்லாத ஒரு சிக்கல் இவருக்கு உண்டு: ஊரில் யாரைப் பார்த்தாலும் அவருக்கு ஏதோ ஒரு முறை.

பத்தாக் சமூகம் நிற்பது 'தாலிஹான் நா தோலு' மேல். சொல்லுக்கு அர்த்தம் மூன்று கல் அடுப்பு. ஒரு கல் 'ஹூலா-ஹூலா', அதாவது பெண் கொடுத்த வீட்டார். இரண்டாவது 'தொங்கான் தூபு', நம் பாஷையில் பங்காளிகள். மூன்றாவது 'போரு', பெண் எடுத்த வீட்டார். ஹூலா-ஹூலாவை வணங்கு, பங்காளியிடம் நிதானமாக இரு, போருவை அன்பாக அரவணை என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கும் பாடம். தாய்மாமனை 'துலாங்' என்பார்கள், அவர் மகள்தான் முறைப்பெண். நம் ஆட்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லுங்கள்: அத்தை மகளை அங்கே கட்டக் கூடாது. பெண் கொடுக்கும் திசை ஒருவழிதான்.

இப்போது போதகரை இதற்குள் வைத்துப் பாருங்கள். அவருக்கும் ஒரு 'மார்கா', குலப்பெயர், உண்டு. ஒரு மூப்பருடைய குடும்பத்துக்கு அவர் ஹூலா-ஹூலா ஆகிவிட்டால், அந்த மூப்பர் கூட்டத்தில் அவரை மறுத்துப் பேசவே மாட்டார். கணக்கில் தப்பு இருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். இன்னொரு வீட்டுக்கு அவர் போரு என்றால், அந்த வீட்டுப் பெரியவரைக் கண்டித்துப் பேசுவது மருமகன் மாமனாரை அதட்டியது போல ஆகிவிடும். அதனால் தெரிந்த போதகர்கள் புது ரெசோர்ட்டில் கால் வைத்த முதல் வாரங்களில் வீடு வீடாகப் போய் முறை விசாரித்து மனதில் பதித்துக்கொள்வார்கள். கண்டிப்பு தேவைப்படும் வீட்டுக்கு முதலில் அந்த வட்டாரத்து மூப்பர், பிறகு மூப்பர் குழு, கடைசியில்தான் போதகர். முறையில் பொருந்தாதவர் தனியாகப் போகக் கூடாது.

வெளியார் யாருமே கவனிக்காத ஒன்று 'பாவோ'. மனைவியின் சகோதரனுடைய மனைவி ஒருவனுக்குப் பாவோ. இருவரும் நேராகப் பேசிக்கொள்வதும் பக்கத்தில் உட்காருவதும் வழக்கத்தில் இல்லை. மாமனார் மருமகளுக்கு நடுவிலும் இதே விலக்கம். அந்த முறையில் வருகிற பெண் வீட்டுப் பிரச்சினையைச் சொல்ல வந்தால் போதகர் தனி அறையில் உட்கார்ந்து கேட்க முடியாது. பாதி சொல்லும்போதே அவள் எழுந்து போய்விடுவாள். அங்கே பேச வேண்டியவர் போதகரின் மனைவி, அல்லது பிபெல்ஃப்ராவ். இதைக் குறையாக எண்ணத் தேவையில்லை. அந்தப் பதவி சபையில் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் விளங்குகிறது.

அங்கி விஷயமும் உண்டு. வெள்ளைக் கழுத்துப்பட்டி வைத்த கறுப்பு அங்கியோடு நிற்கும்வரை அவர் யாருக்கும் போருவும் அல்ல, ஹூலா-ஹூலாவும் அல்ல. ஆசீர்வாதம் சொல்லி அங்கியைக் கழற்றி மடித்து வைத்த பிறகு விருந்தில் அவர் முறைப்படிதான் உட்கார வேண்டும். தன் மனைவி வீட்டு விசேஷம் என்றால் போரு பக்கம் உட்கார வேண்டியவர், எழுந்து பரிமாறவும் வேண்டும். இதைச் செய்யாமல் 'நான் போதகர்' என்று மேலிடத்தில் உட்கார்ந்தால் அடுத்த பத்து வருஷத்துக்குப் பேச்சு இருக்கும்.

வாலிபர்வட்டம்:

அருமை, இது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. கல்யாணத்தில் சபையின் படிகள் என்னென்ன?

தாப்பனூலி:

இரு வீட்டாரும் 'சினாமோத்' பேசி முடித்த பிறகுதான் சபைக்கு வருவார்கள். சினாமோத் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுப்பது. நம் வரதட்சணைக்கு நேர் எதிர். அடுத்து 'மார்தும்போல்', கோயிலில் வைத்து நிச்சயம். இருவரும் சம்மதம் சொல்லிக் கையெழுத்திடுவார்கள், பெற்றோரும் சாட்சிகளும் கையெழுத்திடுவார்கள். ஞானஸ்நானச் சான்றும் திடப்படுத்தல் சான்றும் அதற்கு முன்பே சரிபார்க்கப்பட வேண்டும். பிறகு இரண்டு ஞாயிறு ஓலை வாசிப்பு. ஆராதனையில் விசுவாசப்பிரமாணத்துக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் 'திங்திங்' என்று அறிவிப்புகள் வரும், அதில் வாசிப்பார்கள். பெண்ணும் பையனும் வேறு வேறு சபை என்றால் இரண்டிலும் வாசிக்க வேண்டும். அதனால் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டு வாரம் போகும்.

தவறு வழக்கமாக எங்கே நடக்கிறதென்றால், மண்டபத்தை முன்பே பிடித்துவிட்டுத் தேதியைப் போதகரிடம் கடைசியில் சொல்வதில். அடுத்தது குலப் பொருத்தம். ஒரே மார்காவுக்குள் கல்யாணம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 'பாடான்' என்று பழைய சத்தியத்தால் சகோதரராகிவிட்ட இரண்டு மார்காக்களும் உண்டு. சிரேகார், நைங்கோலான் அப்படி ஒரு ஜோடி. நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. வேதத்தில் இதற்குத் தடை இல்லை. ஆனால் ஓலை வாசித்த பிறகு தெரியவந்தால் இரு வீடும் அவமானப்படும். நிச்சயத்துக்கு முன் ஒரு வயதான மூப்பரிடம் கேட்டுவிடுவது போதகரின் கடமை.

பழைய பாமாலை:

சாவு வீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. போதகருக்குப் பெரிய பரீட்சை அங்கேதான்.

பிள்ளைகள் எல்லாருக்கும் கல்யாணமாகி, பேரப்பிள்ளைகளையும் கண்டு இறந்தவர் 'சௌர் மாதுவா'. ஒரு பிள்ளையாவது கல்யாணமாகாமல் இருந்தால் 'சாரி மாதுவா'. எந்த நிலை என்பதைப் பொறுத்துத்தான் விருந்துக்கு அறுப்பது எருமையா பன்றியா, கொண்டாங் மேளம் உண்டா என்பதெல்லாம். குடும்பம் உயர்ந்த நிலையைக் கேட்கும், தாய்மாமன் பக்கம் மறுக்கும். அதைத் தீர்ப்பது அடாட் பெரியவர்கள் கூடிப் பேசும் கூட்டம். போதகர் அதில் தீர்ப்புச் சொல்லவே கூடாது. முடிவான நிலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதன் பிறகே கோயிலில் அறிவிக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் போதகரோ மூப்பரோ கேட்டு வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: சபையிடம் ஒப்படைக்கும் நேரம். ஒவ்வொரு உறவுக் கூட்டத்துக்கும் பேசும் பங்கு உண்டு, அதற்கு 'ஜம்பார் ஹாதா' என்று பெயர். இறைச்சிப் பங்கு எப்படி உரிமையோ அப்படியே பேச்சுப் பங்கும் உரிமை, யாரையும் நிறுத்த முடியாது. நேரம் முன்பே குறிக்கப்படாவிட்டால் மாலை ஐந்து மணிக்கும் பேச்சு ஓடும், கல்லறைக்கு இருட்டில் போக வேண்டிவரும். குடும்பம் உடலைச் சபையிடம் ஒப்படைத்துவிட்டால் அதற்குப் பிறகு அடாட் பேச்சு கிடையாது. பெட்டியை மூடுவதும் அடக்கமும் சபையின் ஒழுங்குப்படி நடக்கும்.

கொண்டாங் என்பதில் சுருதி சேர்த்த ஐந்து தகானிங் பறைகள், ஒரு பெரிய கொர்தாங், சாருனே நாயனம், நான்கு ஓகுங் சேகண்டிகள் எல்லாம் சேரும். ஆவியை அழைக்கும் இசை என்று மிஷனரிகள் காலத்தில் இதை விலக்கினார்கள், அந்த இடத்துக்குப் பித்தளை வாத்தியம் வந்தது. இன்று அனுமதி உண்டு, ஜெபத்தோடு தொடங்க வேண்டும். போதகர் கவனிக்க வேண்டியது இசையை அல்ல, இறந்தவரை நோக்கி யாராவது வேண்டுதல் வைக்கிறார்களா என்பதை.

'மங்ஙொங்கால் ஹோலி' இன்னும் நுட்பமானது. பல வருஷம் கழித்து முன்னோர் எலும்புகளைத் தோண்டி எடுத்து, கழுவி, சிறு பெட்டியில் வைத்துக் குலத்தின் 'துகு' நினைவுக் கல்லறைக்கு மாற்றுவார்கள். சபைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கல்லறை அருகே ஜெபம் முடிந்ததும் முதல் மண்வெட்டியைப் போதகர் போடுவது பல இடங்களில் வழக்கம், பிறகுதான் குடும்பத்தார். அந்த முதல் வெட்டு சும்மா அல்ல. இது பிதிர் வழிபாடு இல்லை, பெற்றோரைக் கனம்பண்ணுவது என்று எல்லார் கண்முன்னும் காட்டுவது. எலும்புக்கு முன் சோறு படைப்பது, அதனிடம் வரம் கேட்பது, யார் மேலாவது அருள் வருவது ஆகியவை தொடங்கினால் அங்கேயே நிறுத்தியாக வேண்டும். அது நடந்த பிறகு கடிதம் எழுதிக் கண்டிப்பதில் பிரயோசனம் இல்லை.

வாலிபர்வட்டம்:

கடைசியாக ஒன்று. தலையில் அரிசி போடுகிறார்களாமே, அது எப்படி அனுமதிக்கப்படுகிறது?

மேடான்மடல்:

'போராஸ் சி பிர் நி தோந்தி', உயிரைத் திடப்படுத்தும் அரிசி என்று பொருள். பழைய நம்பிக்கையில் 'தோந்தி' என்பது ஆளை விட்டு ஓடிவிடக்கூடிய உயிர்ச்சக்தி. அதைத் திரும்பப் பிடித்து வைக்கத்தான் அரிசி. கிறிஸ்தவ வீடுகளிலும் இது நிற்கவில்லை. பெரும்பாலான போதகர்கள் அரிசியைத் தடுப்பதில்லை, போடும்போது சொல்லும் வார்த்தையைத்தான் பார்க்கிறார்கள். தேவனிடம் கேட்கும் ஜெபமாக இருந்தால் பிரச்சினை இல்லை. உலோஸ் துணி போர்த்துவதும் அப்படியே. அதை எரிக்கச் சொல்லும் சபைகளும் அங்கே உண்டு. எச்.கே.பி.பி. அந்த வழியில் போகவில்லை. மாமன் வீட்டார் தோளில் போர்த்தும் துணியில் அன்பு இருக்கிறது, பேய் இல்லை என்று பொறுமையாகச் சொல்ல உள்ளேயே பிறந்தவரால் முடியும். உங்கள் கூட்டத்தில் நேரம் இருந்தால் பாருஸ் பக்கத்து லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டையும் சொல்லுங்கள். நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழு பத்தாக் நாட்டின் கடற்கரையில் விட்டுச்சென்றது அது.