ஸ்பெக்ட்ரம் கேசட்: கன்வர்ட்டரின் புதுப் பதிப்பைப் போடலாமா, வேண்டாமா?

பள்ளத்தூர்_இரண்டாம்கட்டு:

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்காக ஊர் வீட்டைத் திறந்து துப்புரவு செய்தோம். எங்கள் பங்கு அறையில் பெரியப்பச்சியின் டிரங்குப் பெட்டிக்குள், பாச்சை உருண்டை வாசத்தோடு ஒரு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் பிளஸ் கிடந்தது, புரோகிராமைச் சாதாரணப் பாட்டுக் கேசட்டில் சத்தமாகப் பதிந்துவைக்கும் எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர். பினாங்கில் இருந்த காலத்தில் வாங்கியதாம், கூடவே ஒன்பது கேசட். எட்டு விளையாட்டு. ஒன்பதாவதில் பென்சிலால் "வட்டி" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவரே உட்கார்ந்து எழுதிய வட்டிக் கணக்கு புரோகிராம் அது, ராத்திரி கடையை அடைத்த பிறகு இதுதான் வேலை என்று அப்பச்சி சொல்கிறார். பெரியப்பச்சி காலமாகிப் பதினோரு வருடமாகிறது. எனக்கு அந்த ஒரு கேசட் போதும்.

மெஷினை இன்னும் கரண்டில் போடவில்லை, பயமாக இருக்கிறது. கேசட்டை மட்டும் வீட்டில் இருந்த பழைய டேப் ரெக்கார்டரில் ஓட்டி, ஹெட்போன் துளையிலிருந்து டெஸ்க்டாப்பின் மைக் துளைக்கு ஒயர் போட்டு வேவ் கோப்பாக எடுத்தேன். பிறகு அந்தச் சத்தத்தைப் படித்துப் புரோகிராம் கோப்பாக மாற்ற இங்கே எல்லாரும் பயன்படுத்துகிற அந்தச் சின்ன கன்வர்ட்டரில் கொடுத்தேன், என்னிடம் இருப்பது பழைய பதிப்பு. வந்தது இவ்வளவுதான்: புரோகிராம் தலைப்பு சரி, பெயர் "வட்டி85" என்று ஆங்கில எழுத்தில். அதன் உடல் செக்சம் (பதிந்தது பழுதில்லையா என்று பார்க்கக் கடைசியில் வைக்கும் சரிபார்ப்பு எண்) தவறு, எழுதவில்லை. இன்னொரு தலைப்பு சரி, நீளம் 168, தொடக்கம் 65368. அதன் உடலும் செக்சம் தவறு, எழுதவில்லை. பெயர்ப்பலகை இரண்டும் இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை.

இப்போது புதுப் பதிப்பு வந்திருக்கிறது. டேப்பின் வேகம் ஏறி இறங்கினாலும் சமாளிக்கும், செக்சம் தவறிய பகுதியையும் தூக்கி எறியாமல் குறியிட்டு வைக்கும் என்று மாற்றக் குறிப்பில் போட்டிருக்கிறார்கள். ஆனால் 64 பிட்டுக்கு மட்டும். எங்கள் டெஸ்க்டாப் விண்டோஸ் 7, 32 பிட். இதற்காகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா? அப்புறம் அந்த 168 என்ன என்று யாருக்காவது தெரியுமா?

செக்காலை_ரோடு:

ஓடுகிறதைத் தொடாதே என்பதுதான் என் கொள்கை. புதுப் பதிப்பு போட்டு, இருந்ததும் போய், பழையதைத் தேடி ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்தவன் நான். அந்த 32 பிட் டெஸ்க்டாப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மைக் துளையில் வராவிட்டால் போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எனக்கு ஒரு முறை வந்தது.

தேவகோட்டை_இசட்80:

அண்ணே, போன் யோசனை மட்டும் வேண்டாம். ஒருமுறை வந்திருக்கலாம், அது உங்கள் அதிர்ஷ்டம். ஸ்பெக்ட்ரம் டேப்பில் 0 என்பது குட்டையான இரண்டு பல்ஸ், அதாவது ஒலித் துடிப்பு, 1 என்பது அதைப்போல் இரண்டு மடங்கு நீளமான இரண்டு பல்ஸ். குட்டைப் பல்ஸ் ஒன்று நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். நொடிக்கு 44100 புள்ளி என்ற வேகத்தில் பதிந்தால் அதற்குப் பத்துப் பதினோரு புள்ளி கிடைக்கும், குட்டை எது நீளம் எது என்று தாராளமாகப் பிரிக்கலாம். போன் ரெக்கார்டர் பல 8000 வேகத்தில்தான் எடுக்கும், அதில் இரண்டே புள்ளி. போதாக்குறைக்கு மனிதக் குரல் அல்லாததையெல்லாம் இரைச்சல் என்று நினைத்து வழித்துவிடும். இங்கே நமக்கு வேண்டியதே அந்த இரைச்சல்தானே. எம்பி3 கூட வேண்டாம். மோனோ, 16 பிட், 44100, வேவ். நிமிடத்துக்கு ஐந்து எம்பி சொச்சம்தான் ஆகும்.

பள்ளத்தூர் தம்பிக்கு: புதுப் பதிப்பு வேண்டும்தான், ஆனால் அந்த டெஸ்க்டாப்பில் வேண்டாம். பதிவது ஒரு வேலை, படிப்பது வேறொரு வேலை. டெஸ்க்டாப்பில் பதிந்து, வேவ் கோப்பைப் பென்டிரைவில் எடுத்து, வீட்டில் யாராவது காலேஜ் பிள்ளையின் லேப்டாப்பில் போடுங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது, இனி யாரும் அதற்காக மெனக்கெட மாட்டார்கள், அதில் கோபப்பட்டும் பயனில்லை. வேவ் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். நான் ஆரம்பத்தில் பழைய பதிப்பில் மாற்றிய கையோடு வேவை அழித்தேன், கேசட்டையும் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். புதுப் பதிப்பு வந்தபோது கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டு உடலும் தவறுகிறது என்றால் எனக்குச் சந்தேகம் கன்வர்ட்டர் மேல் இல்லை. தலைப்பு வெறும் 17 பைட், அது தப்பித்துவிடும், நீளமானதுதான் மாட்டும். ரெக்கார்டரைப் பாருங்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டி ஸ்குரூ இருக்கும், அது ஹெட்டின் சாய்வைச் சரிசெய்வது. பினாங்கில் ஒரு ரெக்கார்டரில் பதிந்தது, பள்ளத்தூரில் வேறொன்றில் ஓடுகிறது, இரண்டின் சாய்வும் ஒன்றாக இருக்காது. முதலில் ஸ்குரூ எந்தத் திசையில் நிற்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கேசட்டை ஓடவிட்டு, தலைப்புக்கு முன்னால் ஐந்து நொடி ஒரே சீராக ஊளையிடுமே, அதற்கு அடுத்து வரும் கரகரப்பு எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். கால் சுற்றுக்கு மேல் போகாது. விண்டோஸ் சவுண்டு அமைப்பில் இரைச்சல் குறைப்பு, மைக் பூஸ்ட் எல்லாவற்றையும் அணையுங்கள்.

168 விஷயம். 168 என்பது 21 பெருக்கல் 8. ஸ்பெக்ட்ரமில் நாமே வரைந்துகொள்ளும் எழுத்துகளுக்கு 21 இடம் உண்டு, ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டு புள்ளி, அதாவது 8 பைட். 48கே நினைவகம் உள்ள மெஷினில் அந்த இடம் சரியாக 65368ல் தொடங்கி நினைவகத்தின் கடைசியில் முடியும். உங்கள் பெரியப்பச்சி ஏதோ எழுத்து வரைந்து வைத்திருக்கிறார். என்ன எழுத்து என்று நான் ஊகிக்கிறேன், ஆனால் சொல்ல மாட்டேன்.

கோட்டையூர்_ரேடியோ:

நடுவில் ஒரு வார்த்தை. மெஷினைக் கரண்டில் போடும் எண்ணம் வந்தால் தயவுசெய்து வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் டிசி, ஆனால் பின்னின் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். இன்றைய அடாப்டர் முக்கால்வாசிக்கு நேர் எதிர். துளை பொருந்துகிறதே என்று செருகினால் போர்டு போய்விடும், என்னிடம் அப்படி ஒன்று வந்தது, புகை வந்த பிறகுதான் கொண்டுவந்தார்கள். அதோடு அதன் சொந்த அடாப்டரும் நாற்பது வருடம் பழையது, மீட்டர் வைத்துப் பார்க்காமல் அதையும் நம்ப வேண்டாம். கீபோர்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளின் வால் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், திறக்கும்போது மேல் மூடியை வெடுக்கென்று தூக்கினால் ஒடிந்துவிடும்.

ரெக்கார்டரின் பெல்ட்டையும் பாருங்கள். ஊர் வீட்டு வெயிலில் அது ரப்பராக இருக்காது, தார் மாதிரி இளகிக் கையில் ஒட்டும். பெல்ட் தளர்ந்தால் வேகம் ஆடும், வேகம் ஆடினால் 0 நீண்டு 1 ஆகிவிடும். கேசட்டுக்குள் டேப்பை ஹெட்டோடு அழுத்தும் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும், பசை காய்ந்து விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பள்ளத்தூர்_இரண்டாம்கட்டு:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். கோட்டையூர் அண்ணன் சொன்னது அச்சு அசல். பெல்ட்டைத் தொட்டேன், விரல் கறுப்பாகி மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. காரைக்குடியில் ஒரு பழைய ரிப்பேர் கடையில் பொருத்தமான பெல்ட் கிடைத்தது. பஞ்சுத் துண்டும் விழுந்துதான் கிடந்தது, ஒரு விளையாட்டுக் கேசட்டைப் பிரித்து அதன் உள் தகட்டோடு எடுத்து மாற்றினேன். ஸ்குரூவை அரைக்கால் சுற்றுத்தான் திருப்பினேன், திடீரென்று சத்தம் தெளிந்தது, வளவில் படுத்திருந்த பெரியாத்தா "அதென்ன கருமம், நிறுத்து" என்றார்கள்.

பழைய பதிப்பிலேயே 168 வந்துவிட்டது, சுத்தமாக. படமாக மாற்றிப் பார்த்தேன். தமிழ்! வ, ட், டி, மு, த, ல், ப, ற், று, ர, வு, ம, துணைக்கால், ம், ந, ள், க, ண, க், கு, ரூ. 21 இடத்தையும் நிரப்பியிருக்கிறார். வட்டி, முதல், பற்று, வரவு, மாதம், நாள், கணக்கு, ரூ. இந்தச் சொற்களுக்கு வேண்டியது மட்டும், ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. 'ண' வுக்கு எட்டுப் புள்ளி அகலம் போதாமல் ஒரு சுழியை விழுங்கியிருக்கிறார், தனியாகப் பார்த்தால் 'ன' என்றுதான் சொல்வீர்கள்.

புரோகிராம் உடல் மட்டும் பழைய பதிப்பில் இன்னும் தவறுகிறது. அயித்தான் மகளின் லேப்டாப்பில் புதுப் பதிப்பைப் போட்டேன், சொன்னபடி தூக்கி எறியாமல் கொடுத்தது, குறிப்போடு: செக்சம் வேண்டியது 114, வந்தது 112. பட்டியலைப் படித்தால் எல்லா வரியும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டி விகிதம் 1.27 என்று இருக்கிறது. செக்சம் பைட்டை மாற்றிவிட்டு, லேப்டாப்பையே ஸ்பெக்ட்ரம் மாதிரி நடிக்கவைக்கும் எமுலேட்டரில் ஓட்டினேன். ஆயிரம் ரூபாய், ஒரு மாதம் என்று கொடுத்தால் வட்டி 12.5 என்று வருகிறது. 12.7 அல்லவா வர வேண்டும்? புதுப் பதிப்பில் பிழையா?

தேவகோட்டை_இசட்80:

பிழை இல்லை தம்பி, இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஸ்பெக்ட்ரமின் புரோகிராம் மொழியான பேசிக்கில் ஒரு எண்ணைத் தட்டினால் அது இரண்டு முறை பதிவாகும். முதலில் நீங்கள் திரையில் பார்க்கும் இலக்கங்கள், உடனே 14 என்ற ஒரு பைட், அதை அடுத்து கணக்குப் போடுவதற்கான ஐந்து பைட். லிஸ்டில் இந்த ஆறும் தெரியாது. ஓடும்போது மெஷின் இலக்கங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது, ஐந்து பைட்டைத்தான் எடுக்கும். உங்கள் கோப்பை, பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து அந்த இடத்தைப் பாருங்கள், 14க்குப் பிறகு 129, 32, 0, 0, 0 என்று இருந்தால் அது 1.25.

இப்போது செக்சம். அது எல்லா பைட்டையும் எக்ஸ்ஆர் செய்தது, அதாவது பிட் பிட்டாக ஒப்பிட்டுச் சேர்த்தது, எங்காவது ஒரு பிட் மாறினால் இதிலும் அதே பிட் மாறும். 114க்கும் 112க்கும் ஒரே ஒரு பிட் வித்தியாசம், மதிப்பு 2. '5' என்ற எழுத்தின் எண் 53, '7' இன் எண் 55, அங்கேயும் அதே பிட்தான். ஒரு 0 இழுபட்டு 1 ஆகிவிட்டது, கோட்டையூர் அண்ணன் சொன்ன அதே நோய். 55ஐ 53 ஆக்குங்கள், டேப்பில் இருந்த பழைய செக்சம் பைட்டையே திரும்ப வையுங்கள், பொருந்திவிடும். செக்சம் பைட்டை மாற்றி ஓட்டியது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை, அது சாட்சியின் வாயை அடைக்கிற வேலை. மூலக் கோப்பின் நகல் இருக்கிறதுதானே?

செக்காலை_ரோடு:

சரி, தோற்றேன். நானும் புதுப் பதிப்பைப் போட்டுவிட்டேன். பழையதை வேறொரு ஃபோல்டரில் வைத்திருக்கிறேன், அதைக் கேட்காதீர்கள்.

பள்ளத்தூர்_இரண்டாம்கட்டு:

நகல் இருக்கிறது. 129, 32, 0, 0, 0 அப்படியே இருந்தது. 53 ஆக்கினேன், பழைய செக்சம் பைட் பொருந்தியது, கன்வர்ட்டர் வாய் திறக்கவில்லை. லேப்டாப்பை வளவுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரியாத்தாவிடம் காட்டினேன். "கணக்கு" என்பதைப் படித்தார்கள், சுழி குறைந்ததைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. முதலில் 1.27 வந்த கதையைச் சொன்னேன். "ஒன்றேகால் வட்டிதான்டா அவுக போட்டது. ஒண்ணு இருபத்தேழுன்னு எவன் குடுப்பான்?" என்றார்கள்.

கோட்டையூர் அண்ணே, நடுவில் மைனஸ் வைத்த அடாப்டர் காரைக்குடியில் கிடைக்குமா, இல்லை முனையை வெட்டி மாற்றிப் பற்றவைக்க வேண்டுமா?

கோட்டையூர்_ரேடியோ:

மாற்றிப் பற்றவைத்துக்கொள்ளலாம். 9 வோல்ட், ஒன்றரை ஆம்பியருக்குக் குறையாமல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மெஷினையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் செருகலாம். மூடியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம்.