அம்மாயி முகத்தை இப்படித் துண்டு போடலாமா?

காபிக்காட்டுப் பொண்ணு:
ஏற்காட்டுல காபிப்பழம் பறிக்கிற எங்க அம்மாயியைக் க்யூபிசப் பாணியில வரைஞ்சேன், அதாவது ஒரு ஆளைப் பல பக்கத்துலேர்ந்து பார்த்து, துண்டு துண்டா ஒரே படத்துல சேர்க்கறது. அக்ரிலிக் பெயிண்ட்தான். எல்லோ ஓக்கர் (காவி மஞ்சள்), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), பிரஷ்யன் புளூ (கருநீலம்), வெள்ளை. வேற கலர் தொடலை. படம் மேல இருக்கு. தயங்காம சொல்லுங்க.

செவ்வாப்பேட்டை போர்டுக்காரன்:
கோவிச்சுக்காதம்மிணி. சுவர் விளம்பரம், கட்டவுட்டுன்னு வரைஞ்சு பொழச்சவன் நான். ஆளு இன்னார்னு தெரியலைன்னா பார்ட்டி காசு குடுக்க மாட்டான். நீ சொன்னதாலதான் இது அம்மாயின்னு தெரியுது. ஏற்காட்டை வரைஞ்சுட்டு பச்சையே காணோம், அது என்ன கஞ்சத்தனம்?

காபிக்காட்டுப் பொண்ணு:
புளூவையும் ஓக்கரையும் கலந்தா மங்கலான பச்சை வருதுங்கண்ணா. கழுத்துக்குக் கீழ பாருங்க, இருக்கு. தோட்டத்து நிழல்ல அதுக்கு மேல பச்சை எங்க தெரியுது? நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் மரத்து இலையோட அடிப்பக்கமே சாம்பல்தானே.

ரிட்டையர்டு டிராயிங் மாஸ்டர்:
கலரைக் குறைச்சது சரி. 1910-ஐ ஒட்டி, க்யூபிசத்தை ஆரம்பிச்ச பிக்காசோவும் பிராக்கும் பழுப்பு, சாம்பல், காவின்னு சுருக்கிக்கிட்டாங்க. சிவப்பு, பச்சையெல்லாம் வந்தா கண்ணு அதுக்குப் பின்னாடியே போயிடும், முகத்தோட ஒவ்வொரு பரப்பும் எங்க திரும்புதுன்னு கவனிக்காது.

எனக்கு வேற குறை. போட்டோ மேல ஸ்கேல் வச்சு முக்கோணம் முக்கோணமா வெட்டியிருக்க. மூக்கு மட்டும் திரும்பியிருக்கு, மத்த எல்லாத் துண்டும் ஒரே இடத்துல நின்னு பார்த்த முகம். அம்மாயியைச் சுத்தி வந்து பார்த்தியா?

போர்டுக்காரன்:
ஸ்கேல் வச்சா என்ன மாஸ்டர் தப்பு? நாங்க கட்டம் போட்டுத்தான் ஆளை ஏத்துவோம்.

காபிக்காட்டுப் பொண்ணு:
அதானே! 1912-ல ஹுவான் கிரிஸ்னு இன்னொரு க்யூபிச ஓவியர் பிக்காசோவையே வரைஞ்ச படம் முழுக்கச் சாய்கோடுதான். நீலம், சாம்பல், பழுப்புதான் பெரும்பாலும். அதை யாரும் க்யூபிசம் இல்லைன்னு சொல்லலையே.

போர்டுக்காரன்:
தேடிப் பார்த்தேன். அடடே, அதுல ஆளு தெரியுதே! நான் கேட்டதும் அதைத்தானே?

சும்மா வந்தவன்:
இதெல்லாம் போன் ஆப்புலயே வந்துருதுங்க.

மாஸ்டர்:
ஆப் பேச்சை விடுங்க தம்பி. கிரிஸ் படத்தைப் பெரிசு பண்ணிப் பாரும்மா. ஒவ்வொரு துண்டும் ஒரு விளிம்புல கருத்து மறு விளிம்புல வெளுக்குது. உன்னோடது டைல்ஸ் ஒட்டினாப்புல தட்டையா, ஒரே அழுத்தத்துல கிடக்கு. கன்னத்தையும் பின்னணியையும் பிரிக்கிற கோட்டை ஒரு இடத்துல கரைச்சு விடு, ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகட்டும். அக்ரிலிக் சீக்கிரம் காஞ்சிரும், அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பூசி, ஈரம் இருக்கும்போதே இழு.

போர்டுக்கார ஐயா, உங்களுக்கும் ஒண்ணு. 1910-ல பிக்காசோ, கான்வைலர்ங்கற ஓவிய வியாபாரியை வரைஞ்ச படத்துல முகம் கிட்டத்தட்டக் கரைஞ்சே போச்சு. ஆனா தலைமுடி வளைவு, கோர்த்த கை, கடிகாரச் சங்கிலின்னு அடையாளம் விட்டு வச்சிருக்கார்.

போர்டுக்காரன்:
அப்ப இந்தப் பொண்ணும் அம்மாயி மூக்குத்தியையும் இடுப்புல கட்டின சாக்கையும் வரைஞ்சிருக்கலாமே? அது இருந்தா ஒத்துக்கறேன். மூக்கு திரும்பியிருக்கறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

காபிக்காட்டுப் பொண்ணு:
சாக்கு சேர்க்கறேங்கண்ணா. மூக்கு அப்படியேதான் இருக்கும்.