‘தி திங்’ முடிவு: சைல்ட்ஸின் மூச்சைப் பற்றி மட்டும்

வெண்பனி: ஜான் கார்பெண்டர் 1982-இல் எடுத்த ‘தி திங்’ படத்தின் முடிவில் புதிரே இல்லையாம். எரிந்துகொண்டிருக்கும் அண்டார்க்டிக முகாமில் நாயகன் மெக்ரெடியின் எதிரே வந்து அமரும் சைல்ட்ஸ், மனிதரை அச்சாகப் படியெடுக்கும் அந்த வேற்றுக்கிரக உயிரிதான் என்பது “ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுவிட்டது” என்று நேற்று ஒருவர் தீர்ப்பெழுதியிருக்கிறார். எந்த நீதிமன்றத்தில் என்று அறிய ஆவல்.

துருவன்: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். மெக்ரெடி வாயைத் திறக்கும்போதெல்லாம் வெண்புகையாக ஆவி கிளம்புகிறது. சைல்ட்ஸிடம் அது இல்லை. வேறென்ன சான்று வேண்டும்?

வெண்பனி: மங்கலாக இருக்கிறது. மெக்ரெடிக்குப் பின்புறமிருந்து ஒளி விழுவதால் அவருடைய மூச்சு பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான். அதைவிட, உருமாற்றம் முடியாத கைகளுடன் பனியில் ஊளையிடும் பென்னிங்ஸின் வாயிலிருந்தும் ஆவி வருகிறதே. அந்த உயிரியும் மூச்சுவிடும் என்றால், மூச்சு தெரியாததை வைத்து நீங்கள் எதை நிறுவுகிறீர்கள்?

துருவன்: பென்னிங்ஸ் அரைகுறையாக மாறியவர், சைல்ட்ஸ் முழுமையாக மாறியவர். இந்த வேறுபாடுகூடப் பிடிபடாதவருக்கு நான் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன்: சைல்ட்ஸிடம் மூச்சு இல்லை.

கீழ்க்காற்று: மூச்சை விடுங்கள் ஐயா. உலோகத்தை அந்த உயிரியால் படியெடுக்க முடியாது என்று 2011-இல் வந்த முன்கதைப் படம் காட்டிவிட்டது. அதில் கார்ட்டரைக் காட்டிக்கொடுப்பதே காணாமற்போன காதணிதான். சைல்ட்ஸின் காதிலோ காதணி இருக்கிறது.

துருவன்: இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து வேறொருவர் எடுத்த படத்தைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். கழன்ற காதணியை எடுத்து மாட்டிக்கொள்ளத் தெரியாத உயிரியா விண்கலம் ஏறி வந்தது? காதணிக்குப் பதில் சொல்லிவிட்டேன். மூச்சுக்கு இன்னும் எவரும் சொல்லவில்லை.

வெண்பனி: சொல்லியாயிற்று, நீங்கள் படிக்கவில்லை. மெக்ரெடி மீட்கப்பட்டு, இரத்தப் பரிசோதனையில் மனிதர்தான் என்று தெளிவாகும் ஒரு முடிவையும் கார்பெண்டர் படம்பிடித்து வைத்திருந்தார். கையில் இருந்த அந்தத் தெளிவை ஒதுக்கிவிட்டு ஐயத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர். கைப்பேசித் திரையில் பார்த்துவிட்டு அவருக்கே விடை சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

துருவன்: என்னிடம் இருப்பது புளூரே. ‘தி திங்’ வெளியான அதே நாளில், 1982 ஜூன் 25 அன்று வெளியான ‘பிளேடு ரன்னர்’ பற்றிப் பேசியபோதும் அதன் நாயகன் டெக்கார்டு மனிதனா என்ற கேள்விக்கு நீங்கள் இப்படித்தான் இயக்குநரின் பின்னால் ஒளிந்துகொண்டீர்கள். நான் மறக்கவில்லை.

கீழ்க்காற்று: அன்று இயக்குநர் ரிட்லி ஸ்காட் சொன்னதே இறுதி என்று வாதிட்டவர் தாங்கள்தானே?

துருவன்: பேச்சை மாற்றாதீர்கள்.

பனிக்கரடி: விஸ்கிப் புட்டியைச் சைல்ட்ஸ் வாங்கிக் குடித்ததும் மெக்ரெடி ஏன் மெல்லச் சிரிக்கிறார் என்பதை எவருமே பேசவில்லையே? அதில் இருந்தது எரிபொருள், அது தெரியாமல் குடித்தவர் மனிதரல்ல என்றும் ஒரு கருத்து உண்டு.

துருவன்: அண்டார்க்டிகாவில் பனிக்கரடியே கிடையாது, முதலில் பெயரைத் திருத்திக்கொண்டு வாருங்கள். புட்டியைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். சைல்ட்ஸ் மூச்சு விடும் சட்டகத்தை எவரேனும் இங்கே இடுங்கள், பார்க்கிறேன்.

வெண்பனி: சென்ற மாதமே இட்டேன். “ஒளிக்கறை” என்று தள்ளிவிட்டீர்கள்.

துருவன்: ஒளிக்கறைதான்.