கார்த்தியின் மான் வேட்டைக் கேள்வி: எங்கள் குடும்பக் குழுவில்

கார்த்தி: முரளி சித்தப்பா, ஒரு சந்தேகம். நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டைக்கு வா என்று ஆபீஸ் நண்பர் கூப்பிடுகிறார். இங்கே டெக்ஸாஸில் லானோ என்ற ஊர்ப் பக்கம் அவருடைய மாமனார் நிலமாம். ரைஃபிளும் அவரே தருகிறேன் என்கிறார். நான் சும்மா போனால் போதுமா?

செல்வி அத்தை: மான் வேட்டையா? கண்ணு, நம் ஊரில் மான் மேல் கை வைத்தாலே ஜெயில். உனக்கு எதற்கு இந்த வம்பு?

முரளி சித்தப்பா: அக்கா, பயப்படாதீர்கள். நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, அங்கே தொடக்கூடாதுதான். டெக்ஸாஸில் வெள்ளைவால் மான் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். அடித்துத் தின்ன ஓநாயும் இல்லை. அளவு மீறினால் மேய்ச்சல் தீர்ந்து பட்டினியில் சாகும். அதனால்தான் அரசே லைசென்ஸ் கொடுத்து, எப்போது, எத்தனை என்று கணக்கு வைக்கிறது.

முரளி சித்தப்பா: கார்த்தி, நீ ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறாய். முதலில் அதைப் பேசுவோம். உன் மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். நண்பருடையது என்பதெல்லாம் எடுபடாது. வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. லைசென்ஸ் கைக்கு வராமல் அவர் ரைஃபிளைத் தொடவே தொடாதே.

கார்த்தி: ஐயோ, இது தெரியாதே! போன வாரம்தான் ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்கு, வா என்றார், வேலை இருந்ததால் போகவில்லை.

முரளி சித்தப்பா: நல்லதாகப் போயிற்று. கம்பெனி இமிக்ரேஷன் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன் நீ.

கார்த்தி: லைசென்ஸ் எங்கே வாங்குவது?

முரளி சித்தப்பா: டெக்ஸாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப், அதாவது பூங்கா வனவிலங்குத் துறையின் தளத்திலேயே. நீ ஆஸ்டின் வந்து ஆறு மாதம் தாண்டிவிட்டதால் உள்ளூர்க் கட்டணம், 25 டாலர். வெளி மாநிலத்தவருக்கு 315. ஆகஸ்ட் 15 முதல் விற்பார்கள், அடுத்த ஆகஸ்ட் 31 வரை செல்லும். அப்புறம் ஹன்டர் எஜுகேஷன், வேட்டைக்காரர்களுக்கான பாதுகாப்பு வகுப்பு. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் கட்டாயம். 17 வயது தாண்டியவர்கள் ஆன்லைனிலேயே முடிக்கலாம். 10 டாலர் கட்டி ஒரு தடவை தள்ளிப்போடவும் வழி இருக்கிறது, ஆனால் நீ அதைச் செய்யாதே. துப்பாக்கி முனை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, வேலியை எப்படித் தாண்டுவது என்று எல்லாம் அங்கேதான் சொல்லித் தருவார்கள்.

திவ்யா: அப்பா, பர்ப்பிள் பெயின்ட்!

முரளி சித்தப்பா: ஆமாம்டா. கார்த்தி, மரத்திலோ வேலிக் கம்பத்திலோ செங்குத்தாக ஊதாக் கோடு போட்டிருந்தால் உள்ளே வராதே என்று அர்த்தம். போர்டு இருக்காது, கோடு மட்டும்தான். அடிபட்ட மான் வேலி தாண்டி அடுத்தவர் நிலத்துக்குள் ஓடினாலும் அவரைக் கேட்காமல் கால் வைக்கக்கூடாது.

கார்த்தி: எந்த மானை வேண்டுமானாலும் சுடலாமா?

முரளி சித்தப்பா: கவுன்டிக்குக் கவுன்டி மாறும், நம் ஊர் மாவட்டம் மாதிரி. பல இடங்களில் கிடாய் மானுக்குக் கொம்புக் கணக்கு உண்டு. ஒரு கொம்பாவது கிளைக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரு கொம்புக்கும் நடுவே உள் அகலம் 13 அங்குலமாவது வேண்டும். காது இரண்டையும் விறைத்து நிற்கும்போது கொம்பு காது நுனிக்கு வெளியே போகிறதா என்று பார்ப்போம். சந்தேகமாக இருந்தால் சுடாதே. நேரம், சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை. கவுன்டி விதியைத் துறையின் ஆப்பில் நீயே பார், நண்பர் சொன்னார் என்று போகாதே.

முரளி சித்தப்பா: மான் விழுந்ததும் போட்டோ எடுக்க நிற்காதே, முதலில் டேக், அதாவது மானில் கட்டும் அடையாளச் சீட்டு. பேப்பர் லைசென்ஸ் என்றால் அதிலுள்ள டேக்கில் அன்றைய மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டியெடுத்து, பேனாவால் விவரம் எழுதி மானில் கட்ட வேண்டும். பின்பக்கப் பதிவையும் நிரப்பு. பிறகு சீக்கிரம் குடலை எடுத்து உள்ளே ஐஸ் வை. நவம்பரிலும் இங்கே வெயில் அடிக்கும், கறி கெட்டுவிடும். தின்னக்கூடிய கறியை வீணாக்குவதும் குற்றம்.

செல்வி அத்தை: அது சரி. உயிரை எடுத்துவிட்டு வீசுவது பாவம். முரளி, அவன் குறி தவறி அரைகுறையாக அடித்துவிட்டால் அது துடிக்குமே?

முரளி சித்தப்பா: அக்கா, அதுதான் எனக்கும் கவலை. மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்கால் சப்பைக்குச் சற்றுப் பின்னால் சுட வேண்டும், நுரையீரலும் இதயமும் அங்கேதான். கார்த்தி, பென்ச்சில் ரைஃபிளை வைத்து நூறு கஜத்தில் தட்டு அளவு வட்டத்துக்குள் எல்லாக் குண்டும் விழுகிற வரைக்கும் மானைப் பார்த்து விசையைத் தொடாதே. முதல் வருஷம் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாலும் நஷ்டமில்லை.

கார்த்தி: சரி சித்தப்பா. இன்று ராத்திரி வகுப்பில் சேர்கிறேன். லைசென்ஸ் வந்த பிறகு உங்களோடு ரேஞ்சுக்கு வரலாமா?

முரளி சித்தப்பா: வா. சான்றிதழையும் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு வா, காது மூடி என்னிடம் இருக்கிறது.