"நீங்க இந்துவா?" "இல்லை, தமிழ்": மொரீஷியஸில் பார்த்ததும் கேட்டதும்

மொரீஷியஸில் இருந்தவர்கள், போய் வந்தவர்கள் அங்கே கோயில், சர்ச், பள்ளிவாசல் பக்கம் கண்டதை எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். யாரும் தொடங்கக் காணோம். சரி, நானே ஆரம்பிக்கிறேன்.

காத்ர் போர்ன் ஊரில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். முதல் வாரம் ஆபீஸில் ஒரு அக்கா அறிமுகமானார். குடும்பப் பெயர் 'சாமி' என்று முடிந்தது. சந்தோஷத்தில், "நீங்களும் இந்துவா?" என்று கேட்டுவிட்டேன். "இல்லை, நான் தமிழ்" என்றார். நான் மொழியைக் கேட்டதாக நினைத்துவிட்டாரோ என்று திரும்பக் கேட்டேன். அதே பதில்தான். அவருக்குத் தமிழ் பேச வராது, வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. 'தமிழ்' என்று அவர் சொன்னது மதத்தை.

போகப் போகத்தான் புரிந்தது. பேச்சுவழக்கில் அங்கே 'இந்து' என்றால் பீகார் பக்கமிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்த போஜ்புரிக்காரர்களின் பிள்ளைகள். தமிழ், தெலுங்கு, மராத்தி எல்லாம் தனித்தனி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே மதம் கேட்கிற இடத்தில் 'தமிழ்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. நம்மவர்கள் 1834க்குப் பிறகு வந்த ஒப்பந்தக் கூலிகள் மட்டும் இல்லை. அதற்கு நூறு வருடம் முன்னாலேயே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனாரும் தச்சரும் போயிருக்கிறார்கள்.

தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. அந்த அக்கா பத்து நாள் விரதம் இருந்து, கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் பால் எடுத்தார். பித்தளைச் சொம்பை 'சாம்போ' என்கிறார்கள். வெயிலில் அவ்வளவு படி ஏறிய பிறகு சொம்பைத் திறந்து பார்ப்பார்கள், பால் திரிந்திருக்கக் கூடாது. அந்த ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பால் திரியவில்லை. எனக்கே உயிர் வந்தது.

எங்களுக்கு முன்னால் கன்னத்தில் அலகு குத்திய ஒரு கிரியோல் பையன், அதாவது ஆப்பிரிக்க அடிமைகளின் வம்சாவளி, காவடி எடுத்துப் போனான். அப்புறம் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது பேச்சுக் கொடுத்தேன். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது வேண்டிக்கொண்டானாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சர்ச்சுக்கும் போவானாம். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, ஏழு கறி விழுந்த இலையில் "ராசோன்" ஊற்றச் சொன்னான். ரசம்தான்! பிரெஞ்சு வாயில் நம் 'ம்' எல்லாம் மூக்குக்குள் போய்விட்டது. போர்ட் லூயியில் உள்ள கைலாசம் கோயிலுக்கும் பெயர் 'கைலாசோன்'.

* * *

ராசோன் படித்துச் சிரித்தேன். அந்தக் கைலாசோன் கோயிலிலிருந்து அதிக தூரமில்லை, செயின்ட் குரோவா. என் அனுபவம் அங்கேதான்.

அங்கே லவால் என்ற கத்தோலிக்கச் சாமியாரின் கல்லறை இருக்கிறது. பிரான்ஸிலிருந்து 1841ல் வந்து, அப்போதுதான் விடுதலையான அடிமைகளோடு வாழ்ந்தவர். 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தார். 1979ல் போப் அவரை அருளாளராக அறிவித்தார். ஒவ்வொரு வருடமும் 8ஆம் தேதி இரவு தீவின் எல்லா மூலையிலிருந்தும் ஜனம் நடந்தே வரும். நம் வேளாங்கண்ணி நடைப்பயணம்போல, அதே செப்டம்பர் 8.

எங்கள் மாடி வீட்டு முஸ்லிம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கையில் பூ, தலையில் முக்காடு. கல்லறை மேல் சாமியாரின் உருவம் படுத்த வாக்கில் இருக்கும். அதைத் தொட்டுவிட்டு, அந்தக் கையை மூட்டுவலி உள்ள முழங்காலில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். திரும்பும்போது, "என் மகனிடம் சொல்லாதே, திட்டுவான்" என்றார்.

மகாசிவராத்திரிக்கு கிராண்ட் பாசின் ஏரிக்கும் இப்படித்தான், வெள்ளைத் துணியில், மூங்கில் காவடியோடு, நாள்கணக்கில் நடப்பார்கள். ஏரியில் 1972ல் கங்கை நீர் ஊற்றியிருக்கிறார்கள், அதனால் கங்கா தலாவ். கரையில் 108 அடி சிவன். எனக்கு அந்தச் சிலையைவிட, வழியில் நடக்கிறவர்களைக் கூப்பிட்டு ஜூஸும் பழமும் கொடுத்தவர்கள்தான் நினைவில் நிற்கிறார்கள். கொடுப்பவர் என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை.

* * *

இரண்டு பேரும் தேன் ஒழுக எழுதியிருக்கிறீர்கள். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் நான் வீடு தேடி அலைந்தபோது, போனில் சரி என்ற ஒரு வீட்டுக்காரர், நேரில் பார்த்ததும் "நீங்கள் என்ன சமூகம்?" என்று கேட்டுவிட்டு, வீடு போய்விட்டது என்றார். மறுவாரமும் 'வாடகைக்கு' பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

அரசியலும் அப்படித்தான். தேர்தலில் 62 பேர் ஜெயித்த பிறகு, எந்தச் சமூகத்துக்கு ஆள் குறைவு என்று பார்த்து, தோற்றவர்களிலிருந்து எட்டுப் பேர் வரை உள்ளே எடுப்பார்கள். அரசியல் சாசனத்தில் இந்து, முஸ்லிம், சீனர், மற்ற எல்லோரும் 'பொது மக்கள்' என்று நாலே கூடைதான். அந்த அக்காவின் 'தமிழ்' அங்கே செல்லாது, இந்துக் கூடைக்குள்தான் போக வேண்டும்.

ரூபாய் நோட்டைக் கவனித்தீர்களா? 25ல் சீன வம்சாவளிக்காரர், 100ல் தமிழரான ரங்கநாதன் சீனிவாசன், 200ல் அப்துல் ரசாக் முகமது, 1000த்தில் கிரியோல் தலைவர் கெய்தான் துவால். ஆளுக்கு ஒரு தாள்! நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தி என்பது மொழி வரிசை. 1998ல் வந்த புது நோட்டில் இந்தி மேலே போய், தமிழ் கீழே இறங்கியது. தமிழர்கள் விடவில்லை. போராட்டம் வெடித்து, அச்சடித்த நோட்டையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

என் பர்ஸில் இன்னும் ஒரு 100 ரூபாய் நோட்டு இருக்கிறது. தமிழ் வரி மேலேதான்.